டியூ முடிவதற்குள் போன் கெட்டால்? கடனில் போன் வாங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 தீபாவளிக்கு என் தங்கை 27,000 ரூபாயில் ஒரு போன் வாங்கினாள். கையிலிருந்து 3,000 ரூபாய் டவுன் பேமென்ட், மீதிக்கு 18 மாத டியூ. பதினான்காவது டியூ கட்டிய வாரத்தில் ஒரு காலை போன் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் போர்டு போய்விட்டது, மாற்ற 13,500 ரூபாய் ஆகும் என்றார்கள். வாரன்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் நான்கு டியூ பாக்கி. அம்மாவின் பழைய பட்டன் போனில் பேசிக்கொண்டு, ஆன் ஆகாத போனுக்கு மாதாமாதம் பணம் கட்டினாள்.

அன்று கடையில் எங்கள் கையில் மூன்று தாள்கள் இருந்தன: பில், வாரன்டி அட்டை, கடன் ஒப்பந்தம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். வாரன்டி 12 மாதம், டியூ 18 மாதம் என்பது கண்ணில் பட்டிருக்கும். போன் எந்த மாடல், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று நாள்கணக்கில் தேடுகிறோம். கெட்டுப்போனால் யார் செலவு, அதுவரை கடன் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதை வாங்குவதற்கு முன்பிருந்தே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் மூன்று எண்கள்

ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: வாரன்டி எத்தனை மாதம், டியூ எத்தனை மாதம், டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு.

போனுக்குப் பெரும்பாலும் 12 மாத வாரன்டி. கூட வரும் சார்ஜர், கேபிளுக்குப் பல நிறுவனங்கள் 6 மாதம்தான் தருகின்றன. டியூ இந்த 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 12 மாதத்தில் கட்டி முடிக்க முடியாத போன் என்றால், இப்போதைக்கு நம் கைக்கு மீறிய போன் என்று எடுத்துக்கொள்கிறேன். 18 மாதம், 24 மாதம் என்று நீட்டினால் மாதத் தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் வாரன்டிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு மாதமும் ரிப்பேர் செலவும் டியூவும் ஒரே சம்பளத்திலிருந்து போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது எண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பெரிய நிறுவனங்கள் பலவும் உதிரிபாகங்களின் விலையைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கின்றன. அமோலெட் என்ற விலை கூடிய வகை டிஸ்ப்ளே, அதிலும் ஓரம் வளைந்தது, மடங்குவது என்றால் விலையைப் பார்த்தே சிலர் மாடலை மாற்றிவிடுவார்கள். அது நல்ல முடிவுதான். கை தவறி விழுவது யாருக்கும் நடக்கும்.

அப்புறம், உங்கள் ஊரில் அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அறந்தாங்கியில் இருப்பவர் திருச்சி வரை போக வேண்டியிருந்தால் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என இரண்டு நாள் கூலி போய்விடும். அதுவும் போனின் விலையில் சேர்ந்ததுதான்.

இரண்டாம் படி: 'நோ காஸ்ட்' என்ற சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்பது

வட்டியில்லாத கடன் என்று எதுவும் கிடையாது. 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கியே இதைச் சொன்னது. பூஜ்ஜிய வட்டி என்று சொல்லிவிட்டு வட்டியைப் பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் வழக்கத்தை அது கண்டித்தது. அதற்குப் பிறகு வந்த 'நோ காஸ்ட் இஎம்ஐ' வேறு மாதிரி நடக்கிறது. வங்கி வட்டி போடும்; அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ நிறுவனமோ விலையில் தள்ளுபடி தரும். இரண்டும் நேராகிவிடும் என்பது கணக்கு.

60,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டில் 6 மாதம், வங்கி வட்டி ஆண்டுக்கு 16% என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய். வங்கியின் கணக்கில் இதில் அசல் சுமார் 57,300, வட்டி சுமார் 2,700. அந்த 2,700 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டார்கள், சரி. ஆனால் வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 487 ரூபாய், நம் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. ஆக 'நோ காஸ்ட்' போனுக்கு 720 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம்.

720 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. அதே போனை முழுப்பணம் கொடுத்து வாங்கினால் எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். 57,000 என்று சொன்னால், உங்கள் இஎம்ஐயின் உண்மையான செலவு 3,720 ரூபாய். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தச் சலுகையையும் ஏற்காதீர்கள்.

கிரெடிட் கார்டு இல்லாதவர்களுக்குக் கடையிலேயே பைனான்ஸ் கம்பெனி ஆள் உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், வங்கிக் கணக்கு கொடுத்தால் பத்து நிமிடத்தில் கடன். இங்கே கவனிக்க வேண்டியது 'பிளாட்' வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி. 30,000 ரூபாய்க்கு 12 மாதம், பிளாட் 12% என்றால் வட்டி 3,600, மாத டியூ 2,800. கேட்க 12% என்றுதான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5% வட்டி. பிராசஸிங் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

இந்த மறைவு வேலைக்காகத்தான் ரிசர்வ் வங்கி 'முக்கிய விவர அறிக்கை' என்ற ஒரு தாளைக் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, பிராசஸிங் கட்டணம் போன்றவற்றைச் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். டியூ தவறினால் போடும் அபராதம் போன்றவை மட்டும் அதற்குள் வராது. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. கிரெடிட் கார்டு நிலுவைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே இஎம்ஐ மாற்றியதும் வங்கி அனுப்பும் செய்தியைத்தான் படிக்க வேண்டும்.

கையெழுத்துக்கோ ஓடிபிக்கோ முன்னால் இந்த நான்கையும் வாய்விட்டுக் கேளுங்கள்: இன்சூரன்ஸ், மெம்பர்ஷிப் கார்டு என்று கடனோடு ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா? முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? கணக்கில் பணமில்லாமல் ஒரு டியூ பவுன்ஸ் ஆனால் உங்கள் கட்டணம் எவ்வளவு? டியூ தவறினால் போனைப் பூட்டும் ஆப் எதையாவது இதில் போடுவீர்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கடன் வாங்க வேண்டாம்.

ஆப் வழியாக எடுத்த கடன் என்றால் யோசித்துப் பின்வாங்கவும் ஒரு வழி உண்டு. டிஜிட்டல் கடனுக்குக் குறைந்தது ஒரு நாளாவது 'கூலிங் ஆஃப்' காலம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கொடுத்து, அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். பிராசஸிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நண்பனுக்காக, சித்தப்பா பையனுக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் கேட்டால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கட்டத் தவறும் ஒவ்வொரு டியூவும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். உங்களால் முடிந்த ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். அது உறவுக்கும் நல்லது.

மூன்றாம் படி: வாங்கும் நாள்

கடையில் வாங்கினால் அங்கேயே பெட்டியைத் திறந்து ஆன் செய்து பாருங்கள். ஆன்லைனில் வந்தால் பார்சலைப் பிரிப்பதிலிருந்து முதல்முறை ஆன் ஆவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பெட்டிக்குள் வேறு பொருள் இருந்தாலும், கீறலோடு வந்தாலும் அந்த வீடியோதான் சாட்சி.

டயலரில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய தனி அடையாள எண் வரும். போனில் வருவது, பெட்டியில் அச்சிட்டிருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அது சரியான போன்தானா, முடக்கப்பட்டதா என்று தெரியும். பழைய போன் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது.

ஜிஎஸ்டி பில் கட்டாயம். 'பில் இல்லாமல் வாங்கினால் ஆயிரம் குறைத்துத் தருகிறேன்' என்பார்கள். வாரன்டி, இன்சூரன்ஸ், நுகர்வோர் வழக்கு எல்லாமே அந்தப் பில்லில்தான் நிற்கின்றன. பில்லைப் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். படத்தைப் போனில் மட்டும் வைத்தால், போன் போகும்போது அதுவும் போய்விடும்.

முதல் ஏழு நாளில் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். இரண்டு சிம், வைஃபை, இரண்டு ஸ்பீக்கர், மைக், எல்லாக் கேமராவும், சார்ஜிங், கைரேகை. சாம்சங்கில் *#0*# அடித்தாலும், ஷாவ்மி, ரெட்மியில் *#*#6484*#*# அடித்தாலும் பெரும்பாலான மாடல்களில் சோதனைத் திரை வரும். மாற்றிக் கொடுக்கும் காலம் சில நாள்கள்தான். அது கடந்தால் புதுப் போனும் ரிப்பேர் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஒருவேளை திருப்பிக் கொடுத்துவிட்டால், இஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கடையின் பணம் கார்டுக்குத் திரும்பி வரும். இஎம்ஐ தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். வங்கியை அழைத்து 'பொருளைத் திருப்பிவிட்டேன், இஎம்ஐயை ரத்து செய்யுங்கள்' என்று சொல்லி, புகார் எண் வாங்குங்கள்.

நான்காம் படி: கூடுதல் பாதுகாப்புத் திட்டம் வேண்டுமா?

பில் போடும்போது 'சார், 1,999க்கு புரொடெக்‌ஷன் போட்டுக்கிறீங்களா' என்று கேட்பார்கள். அந்தப் பெயருக்குள் நான்கு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. எக்ஸ்டெண்டட் வாரன்டி என்பது தானாக வரும் கோளாறுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. கீழே விழுந்தால் உதவாது. ஸ்க்ரீன் திட்டம் டிஸ்ப்ளேவுக்கு மட்டும். விபத்து மற்றும் திரவப் பாதுகாப்பு என்பது விழுந்தாலும் நனைந்தாலும் உதவும். திருட்டுப் பாதுகாப்பு தனி. அதற்குப் பெரும்பாலும் போலீஸ் புகார் நகல் வேண்டும், கவனக்குறைவாக வைத்துவிட்டு வந்தால் தர மாட்டார்கள்.

எதை வாங்குகிறோம் என்று தெரிந்தபின், சிறிய எழுத்தில் சிலவற்றைத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் நாம் போட வேண்டிய பங்கு எவ்வளவு, ஓராண்டில் எத்தனை முறை கேட்கலாம், போனின் வயதுக்கு ஏற்பத் தொகையைக் குறைப்பார்களா, ரிப்பேர் கம்பெனி சென்டரிலா வேறு எங்கேயோவா, திட்டத்தை எத்தனை நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். கடைசிக் கேள்வியை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பணம் கட்டியிருப்பார்கள், ஆக்டிவேட் செய்திருக்க மாட்டார்கள்.

என் கருத்து: டிஸ்ப்ளே விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், விபத்துப் பாதுகாப்பை நிறுவனத்திடமே வாங்குவது நியாயம். 12,000 ரூபாய் போனுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கவரும் டெம்பர்டு கிளாஸும் போடுங்கள். டியூ வாரன்டியைத் தாண்டித்தான் ஆகும் என்ற நிலையில் இருப்பவர் எக்ஸ்டெண்டட் வாரன்டியாவது எடுத்துக்கொள்ள வேண்டும். என் தங்கைக்கு அன்று தேவைப்பட்டது அதுதான்.

தூசியும் தண்ணீரும் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐபி68 என்று போட்டிருந்தால் தண்ணீரில் போடலாம் என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் பொருந்தாது. உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் நாளாக நாளாகத் தளரும். ஐபி68 போனாக இருந்தாலும் தண்ணீர் புகுந்தால் சாதாரண வாரன்டியில் பெரும்பாலும் இலவசமாகச் செய்து தர மாட்டார்கள்.

ஐந்தாம் படி: கோளாறு வந்ததும்

சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் கோளாறு சாப்ட்வேரிலா ஹார்ட்வேரிலா என்று பாருங்கள். ஹேங் ஆகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் காலி செய்யுங்கள். பிறகு சேஃப் மோடில், அதாவது நீங்கள் போட்ட ஆப்கள் இயங்காத நிலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' பட்டனை அழுத்திப் பிடித்தால் அது வரும். அங்கே ஒழுங்காக ஓடினால் நீங்கள் போட்ட ஏதோ ஓர் ஆப்தான் காரணம்.

சார்ஜ் ஏறவில்லையா? வேறு கேபிள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். சார்ஜிங் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் பின்கள் வளைந்துவிடும்.

பேட்டரி வேறு விஷயம். பின்பக்க மூடி மேலே எழும்பினாலோ திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடவோ மூடியை அமுக்கிச் சேர்க்கவோ கூடாது. லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். 2016ல் தீப்பிடித்த காலக்ஸி நோட் 7 போன்களை சாம்சங் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதற்கு பேட்டரிதான் காரணம்.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணைத்து, சிம் ட்ரேயை வெளியே எடுத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள். தூளும் துகளும் உள்ளே போகும். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.

திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு வந்தால், வாரன்டி முடிந்துவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். இந்தக் கிரீன் லைன் பிரச்சினை அமோலெட் போன்களில் பரவலாக வந்தபோது, 2023ல் ஒன்பிளஸ் இந்தியாவில் பாதிக்கப்பட்ட போன்களுக்கு டிஸ்ப்ளே வாரன்டியை வாழ்நாள் முழுதும் நீட்டித்தது. 2024ல் சாம்சங்கும் குறிப்பிட்ட சில காலக்ஸி மாடல்களுக்கு ஒருமுறை இலவசமாக மாற்றித் தந்தது. இப்படியான திட்டங்களைக் கடையில் யாரும் தேடிவந்து சொல்வதில்லை. உங்கள் மாடல் பெயரையும் கோளாறையும் போட்டு நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள், கஸ்டமர் கேரிலும் கேளுங்கள். கோடு வந்த அன்றே, கண்ணாடியில் விரிசல் இல்லை என்று தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: சர்வீஸ் சென்டரில்

போனைக் கொடுப்பதற்கு முன் பேக்கப். போர்டு மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லாமே போய்விடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். போன் வேலை செய்கிறது என்றால் ரீசெட் செய்து கொடுங்கள். அல்லது சாம்சங்கில் மெயின்டெனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கிறது, அதை ஆன் செய்தால் உங்கள் படங்களும் ஆப்களும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. போனைப் பெற்றுக்கொண்டு அவர்கள் தரும் சீட்டான ஜாப் ஷீட்டில் திரைப் பூட்டின் எண்ணை எழுதச் சொல்வார்கள். பணம் அனுப்பும் ஆப்கள் உள்ள போனுக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஜாப் ஷீட்டைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் ஐஎம்இஐ சரியா, தேதி சரியா, நீங்கள் சொன்ன கோளாறு நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறதா என்று படியுங்கள். 'அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நாளில் பத்து முறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது' என்று நீங்கள் சொல்ல, அவர் 'செட் செக்கிங்' என்று இரண்டு சொல்லில் எழுதுவார். மாற்றி எழுதச் சொல்லுங்கள். 'பிசிகல் டேமேஜ்' என்று டிக் செய்திருந்தால் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கீறல் மட்டும்தான் என்றால் 'சிறு கீறல், விரிசல் இல்லை' என்று எழுத வைத்து, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள். கொடுக்கும்போது கவுன்டரிலேயே போனை ஒரு படம் எடுங்கள்.

ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் புது ஜாப் ஷீட் வேண்டும். 'பழைய ஷீட்டிலேயே பார்த்துத் தர்றேன், விட்டுட்டுப் போங்க' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போன் தயாரிப்பிலேயே பழுதானது என்பதற்கு, மூன்று தேதியில் மூன்று ஷீட் இருப்பது பின்னால் உங்களுக்குப் பெரிய பலம்.

நனைந்த போன் என்று வாரன்டியை மறுத்தால், உள்ளே இருக்கும் சிறு ஸ்டிக்கர் சிவந்திருப்பதைக் காட்டுவார்கள். சிம் ட்ரே துளைக்குள் சில போன்களில் நாமே பார்க்கலாம். நேரில் காட்டச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் மறுத்ததற்கு மேலே எங்கேயும் மதிப்பில்லை.

காசு கொடுத்துச் செய்யும் ரிப்பேர் என்றால், வேண்டாம் என்று சொன்னால் பார்வைக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரன்டி என்பதும் பில்லில் வர வேண்டும்.

ஏழாம் படி: வெளிக்கடைக்குப் போகலாமா?

வாரன்டி இருக்கும்வரை போகவே வேண்டாம். வெளியே ஒருமுறை திறந்த போனை நிறுவனம் பிறகு ஏற்பது சந்தேகம்.

வாரன்டி முடிந்த போனுக்கு, நல்ல கைக்காரர் கிடைத்தால் வெளிக்கடைதான் லாபம். சர்வீஸ் சென்டரில் போர்டு கெட்டால் முழு போர்டையும் மாற்றுவார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலோ மைக்ரோஸ்கோப் வைத்து உட்கார்ந்திருக்கும் அனுபவமுள்ள டெக்னீஷியன், போர்டில் கெட்டுப்போன ஐசியை (சிறு சிப்பை) மட்டும் எடுத்து வேறு ஐசி வைப்பார். போர்டு அதேதான் என்பதால் படங்களும் எண்களும் அப்படியே இருக்கும். தங்கையின் போனில் போயிருந்தது பவர் ஐசி. 2,800 ரூபாயில் ஆன் ஆனது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் ஓடியது. 13,500 என்று கேட்டதும் அதை மேஜை டிராயரில் போட்டு மூன்று மாதம் வைத்திருந்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

டிஸ்ப்ளே மாற்றும்போது மட்டும் ஏமாறும் வாய்ப்பு அதிகம். கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த காம்போ என்று சொல்லித் தருவதில் கம்பெனியே தரும் புது டிஸ்ப்ளேவான சர்வீஸ் பேக், வேறு போனிலிருந்து கழற்றிய ஒரிஜினல், காப்பி என்று வகைகள் உண்டு. அமோலெட் இருந்த போனுக்கு சாதாரண எல்சிடி காப்பி போட்டால் நிறம் வெளுக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை வேலை செய்யாது. எந்த வகை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கைரேகையைக் கடையிலேயே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எட்டாம் படி: மறுத்தால் எங்கே போவது

முதலில் நிறுவனத்துக்கு மெயில். பில், ஜாப் ஷீட்கள், படங்கள் இணைத்து, என்ன வேண்டும் என்பதையும் பதிலுக்கு 15 நாள் அவகாசத்தையும் எழுதுங்கள். ஆன்லைனில் வாங்கியதென்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் அனுப்புங்கள். 2020ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இது நீதிமன்றம் இல்லை. உங்கள் புகாரை நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகும் வழி. கவுன்டரில் நகராத விஷயம் இங்கே நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குச் சாதகமான மாற்றம், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. கம்பெனி குருகிராமில் இருந்தாலும் நீங்கள் தேனியில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரைவிட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: இதற்கிடையில் டியூ

கோபத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: 'போனே வேலை செய்யல, நான் ஏன் டியூ கட்டணும்?' கட்ட வேண்டும். போன் விற்றவர் வேறு, பணம் கொடுத்தவர் வேறு. ஒப்பந்தமும் வேறு வேறு. டியூவை நிறுத்தினால் போன் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. பவுன்ஸ் கட்டணம், அபராதம், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணில் சரிவு எல்லாம் நமக்குத்தான். நாளை வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ போகும்போது இந்த 2,000 ரூபாய் டியூ முன்னால் வந்து நிற்கும்.

உண்மையாகவே கட்ட முடியாத நிலை என்றால், தேதி தாண்டும் முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசி, பேசியதை மெயிலில் போடுங்கள். தவறிய தவணைக்கு அபராதக் கட்டணம் மட்டும்தான் வாங்கலாம். வட்டி விகிதத்தை அபராதமாக ஏற்றுவதும், அபராதத்தின் மேல் வட்டி போடுவதும் 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களில் கூடாது. வசூல் ஆள்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ எடுக்கக் கூடாது. மீறினால் அந்த நிறுவனத்துக்கே முதலில் எழுத்துப் புகார் கொடுங்கள்; 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி தெரிந்துகொள்ள 14448 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கடைசி டியூ கட்டியபின் 'நோ டியூ' சான்று கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கில் கொடுத்திருந்த தானியங்கிப் பிடித்தம் ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தங்கையின் கடன், கட்டி முடித்து மூன்று மாதம் ஆகியும் அதில் நடப்புக் கடன் என்றே இருந்தது. நோ டியூ சான்றை இணைத்துத் திருத்தம் கேட்டாள். இரண்டு வாரம் கழித்து அந்த வரி 'முடிந்தது' என்று மாறியது.